இழுக்கும்போது சூடாவது எது?

அமெரிக்காவில் பழைய செவ்ரோலெட் டாஹோ வாங்கிப் படகு இழுக்க நினைப்பவர்கள் எஞ்சினைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். நியாயம்தான். 2007 தலைமுறையின் பல 5.3 லிட்டர் வி8 எஞ்சின்களில், சுமை குறைந்தால் எட்டில் நான்கு சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். வால்வைத் திறக்க உதவும் லிஃப்டருக்குள் இருக்கும் சின்ன பின்னை ஆயில் அழுத்தம் தள்ள, வால்வு திறக்காமல் நிற்கும். அந்தப் பின் சிக்கினால் ‘டக் டக்’ சத்தம். அப்படியே ஓட்டினால் கேம்ஷாஃப்டும் போகும்.

இழுவையில் எனக்குப் பெரிய பயம் கியர்பாக்ஸ்தான். மேடேறும்போது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு விடுபட்டால், ஆயிலைச் சுழற்றியே விசை கடத்தப்படும். தயிர் கடைவது மாதிரி. வெண்ணெய்க்குப் பதில் திரள்வது சூடு. அந்தச் சூட்டில் ஆயில் கெட்டு, கிளட்ச் தகடுகள் கருகும். ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் வைப்பது இதற்காகத்தான். வாங்கும் முன் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை அடித்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.