கறுப்பாகவே நின்ற பெயர்கள்

நண்பர் ஒருவருடைய கவிதை நூலின் வெளியீட்டு விழா அழைப்பைப் பதிப்பகத்தின் முகநூல் பக்கத்தில் இடும் பொறுப்பு, நான் விரும்பிக் கேட்காமலே, சென்ற மார்கழியில் என் தலையில் விழுந்தது. விழா ஞாயிற்றுக்கிழமை மாலை. அழைப்பு அன்று காலை ஆறு மணிக்கு மறுமுறையும் வெளியாக வேண்டும். அந்த வேளையில் நானோ சென்னைக்குத் திரும்பும் ரயிலில் இருப்பேன். ஆகையால் வெள்ளிக்கிழமை இரவே, இத்தகைய காரியங்களுக்கென்று சந்தா வாங்கிக்கொண்டு சேவை செய்யும் ஒரு மென்பொருளில் படத்தையும் வாசகத்தையும் ஏற்றி, தலைமை வகிப்பவர், நூலை வெளியிடுபவர், முதற்பிரதி பெறுபவர் ஆகிய மூவர் பெயர்களுக்கும் முன்னால் @ குறியை மறவாமல் இட்டு, நாளும் நேரமும் குறித்து, ‘ஷெட்யூல்’ பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக உறங்கப் போனேன்.

பதிவு குறித்த நிமிஷத்தில் வெளிவந்துவிட்டது. ஆனால் நீல நிறத்தில் தெரிய வேண்டிய மூன்று பெயர்களும் அக்கம்பக்கத்து எழுத்துக்களைப் போலவே கறுப்பாக நின்றன. ஏழு மணிக்குத் தலைமை வகிக்க இருந்தவர் தொலைபேசியில் அழைத்து, “என் பேரைப் போட்டிருக்கீங்களாமே, எனக்கு ஒண்ணுமே வரலையே” என்றார். பக்கத்து இருக்கையில் இருந்த என் தங்கை மகன் திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, “மாமா, நீங்க டேக் பண்ணல, பேரை டைப் பண்ணியிருக்கீங்க, அவ்வளவுதான்” என்றான்.

இந்த வித்தியாசத்தில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாமே முகநூலைத் திறந்து @ இட்டு இரண்டு எழுத்துத் தட்டியதும், கீழே ஒரு பட்டியல் விரிகிறது. அதில் உரிய முகத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும்போது, கண்ணுக்குத் தெரிவது பெயரானாலும், உள்ளே பதிவாவது அந்தக் கணக்குக்கு ஸ்தாபனம் கொடுத்திருக்கும் எண். அந்த எண்தான் ஆளைப் போய் எழுப்பி, ‘உம்மை இன்னார் குறிப்பிட்டிருக்கிறார்’ என்று சொல்வது. பட்டியலைத் தொடாமல் வெறுமே தட்டிய பெயர், எத்தனை பிரசித்தமான பெயராயினும், மசியால் எழுதிய பெயருக்குச் சமானம். மின்னஞ்சல் முகவரிக்காக 1971-ல் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்த குறி அந்த @. 2006-ன் இறுதியில் டுவிட்டரில் ஒருவரையொருவர் விளிப்பதற்குப் பயனர்கள் தாமாகவே அதைக் கையாளத் தொடங்க, ஸ்தாபனம் பின்னால் அதை ஏற்றுக்கொண்டது. 2009 செப்டம்பரில் முகநூலும் அதே வழியில் வந்தது.

அப்படியானால் நான் சந்தா கட்டிய மென்பொருளில் அந்தப் பட்டியல் ஏன் விரியவில்லை? அது முகநூலுக்குச் சொந்தமானதன்று. வாசலில் நின்று நம் சார்பாகச் சீட்டைக் கொடுக்கும் ஒரு தரகர். ஒரு காலத்தில் இந்தத் தரகர்களுக்கு வீட்டின் கூடம்வரை செல்வதற்குச் சுதந்திரம் இருந்தது. 2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெடித்து, 8 கோடியே 70 லட்சம் பேர்வரையிலானவர்களின் விவரங்கள் முறைகேடாகக் கைமாறியிருக்கலாம் என்று முகநூலே ஒப்புக்கொள்ள நேர்ந்த பிறகு, கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல், தனிமனிதரின் சொந்தக் கணக்கில் அவர் பெயரால் பதிவிடும் அனுமதி வெளி மென்பொருள்களுக்கு அறவே இல்லாமற் போயிற்று. ஸ்தாபனங்களின் ‘பக்கங்களில்’ பதிவிடலாம், பரிசீலனைக்கு உட்பட்டு அனுமதி பெற்றவர்கள் வேறு பக்கங்களைக் குறிப்பிடலாம், தனிமனிதர்களை மட்டும் டேக் செய்ய இயலாது என்ற நிலை ஏற்பட்டது. அன்று காலை என்னைச் சங்கடப்படுத்திய இந்தத் தடையைக் குறையென்று சொல்ல இப்போது எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு யந்திரம் நம் பெயரைச் சொல்லி நம்மை நாளொன்றுக்கு நூறு தடவை கூப்பிடாமல் இருப்பது அந்தப் பூட்டினால்தானே!

மற்ற இடங்களில் வேறு வேறு சம்பிரதாயங்கள். இப்போது எக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட டுவிட்டரில், பெயரைத் தட்டினாலே போதும், வெளியாகும் தருணத்தில் அது தானாக ஆளைத் தேடிக்கொள்ளும். ஆனால் இடைப்பட்ட நாட்களில் அவர் தம் கணக்கின் பெயரை மாற்றியிருந்தால் அழைப்பு வெற்றிடத்துக்கோ, அந்தப் பெயரைப் புதிதாக எடுத்துக்கொண்ட அந்நியருக்கோ போய்விடும். லிங்க்ட்இன்னில் வெளி மென்பொருள் வழியாக ஒரு நிறுவனத்தைக் குறிப்பிட வேண்டுமாயின், ஆங்கிலப் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட அது அங்குள்ளபடியே இருந்தாக வேண்டும். இன்ஸ்டாகிராம் படத்துக்கு 20 பேர்வரை இடம் கொடுக்கிறது. எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்குகளை மட்டுமே தரகர் தொடலாம். அதிலும் ஒரு வேடிக்கை. யார் படத்தின் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை, இடது மேல் மூலையிலிருந்து அகலத்தில் எவ்வளவு பங்கு, உயரத்தில் எவ்வளவு பங்கு என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இரண்டு தசம எண்களாகக் கொடுக்க வேண்டும். டேக் செய்து முடித்த பிறகு படத்தை மட்டும் மாற்றி, எண்களை மாற்ற மறந்தோமானால், கவிஞரின் பெயர் குத்துவிளக்கின் மேல் போய் நிற்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் ப்ளூஸ்கை என்னும் தளத்தில் இருக்கிறது. அங்கே டேக் என்பது பதிவின் வாசகத்துக்கு வெளியே தனிக் குறிப்பாகச் செல்கிறது: ‘இத்தனையாவது பைட் தொடங்கி இத்தனையாவது பைட் வரை உள்ள பகுதி இன்ன கணக்கைக் குறிக்கும்’ என்று. கணக்குக்கு மாறாத ஓர் அடையாளம் இருப்பதால் ஆசாமி பெயரை மாற்றிக்கொண்டாலும் பாதகமில்லை. ஆனால் எண்ணுவது எழுத்துக்களை அல்ல, கணினி அவற்றைச் சேமித்து வைக்கும் அலகாகிய பைட்டுகளை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். ‘தமிழ்’ என்ற சொல்லோ, நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, பைட்டுக் கணக்கில் பதினைந்து. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுத்துக்களை எண்ணிவிட்டு அதையே பைட்டென்று அனுப்பும் மென்பொருளில் ஒரு தமிழ் வாக்கியத்தின் நடுவே டேக் செய்தால், இணைப்பு பெயரின் மேல் விழாமல் முன்னாலுள்ள ஏதோ ஒரு வினையெச்சத்தின் மேல் விழுந்து தொலைக்கும். நம் மொழியைச் சோதித்துப் பாராமல் விற்பனைக்கு வரும் கருவிகளைப் பற்றி எனக்குள்ள கோபத்தை இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

யந்திரத்தின் தொல்லை போதாதென்று காலத்தின் தொல்லையும் உண்டு. இன்ஸ்டாகிராம் செயலியிலேயே தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர்கள் 75 நாள் முன்கூட்டியே பதிவைக் குறித்து வைக்கலாம். இந்த வசதி 2022 நவம்பரில் வந்தது. எழுபத்தைந்து நாளில் விழாத் தலைவர் வெளியூர் போகலாம், பதிப்பாளரோடு பிணக்கு நேரலாம், வீட்டில் ஒரு துக்கம் சம்பவித்திருக்கலாம். இதொன்றும் அறியாத பதிவு, குறித்த நிமிஷத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டாட்டமாகக் கூவும். டேக் செய்யப்பட்டவர் அதைத் தாமே நீக்கிக்கொள்ளலாம், தம் சம்மதமின்றித் தம் பக்கத்தில் தோன்றாதபடி முன்னேற்பாடும் செய்துகொள்ளலாம். ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்து யார் அமைப்புகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்?

அன்று ரயில் விழுப்புரத்தைத் தாண்டியதும் மருமகன் சொன்னபடி செய்தேன். பதிப்பகத்தின் பக்கத்தில் வெளியாகியிருந்த பதிவை என் சொந்தக் கணக்கில் பகிர்ந்து, மேலே இரண்டு வரி எழுதி, @ இட்டுக் காத்திருந்தேன். பட்டியல் விரிந்தது. முதல் இரண்டு பெயர்களும் தொட்டவுடன் நீலமாயின. முதற்பிரதி பெறுபவருடைய பெயரிலோ ஐந்து பேர் வரிசையாக வந்து நின்றார்கள். மூவருக்கு முகமே இல்லை, ஒருவர் ரோஜாப்பூவாக இருந்தார். மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தவரைத் தொட்டேன். சரியான ஆளைத்தான் தொட்டேன் என்பது, மாலையில் அவர் மேடையேறிய பிறகே எனக்கு நிச்சயமாயிற்று.