மரம் நடுவது நல்லதுதானே... நீலகிரியில் மட்டும் ஏன் வெட்டச் சொல்கிறார்கள்?

உங்கள் தெருவில் யாரும் வீடு கட்டாமல் கிடக்கும் காலி மனையைக் கவனித்திருக்கிறீர்களா? ஜேசிபி வைத்து சுத்தம் செய்த பிறகு வரும் முதல் மழையில் புல்லும் கோரையும் முளைக்கும். அடுத்த வருஷம் எருக்கு, ஆமணக்கு. நான்கைந்து வருஷம் உரிமையாளர் எட்டிப் பார்க்கவில்லை என்றால், காக்கா எச்சத்தில் வந்த வேம்பு ஆள் உயரத்துக்கு நிற்கும். யாரும் நடவில்லை, யாரும் தண்ணி ஊற்றவில்லை.

பிளஸ் டூ புத்தகத்தில் 'தாவர வழிமுறை வளர்ச்சி' என்று படித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் எக்கலாஜிக்கல் சக்ஸஷன். முதலில் வரும் செடிகள் வெயிலையும் வறண்ட மண்ணையும் தாங்கக்கூடியவை. அவை மட்கி மண்ணை மாற்றிவிடும், அடுத்த செட் உள்ளே வரும். எரிமலைக் குழம்பு ஆறிய பாறையில் தொடங்கினால் முதல்நிலை. மண்ணும் விதையும் ஏற்கெனவே இருக்கும் காலி மனையில் தொடங்கினால் இரண்டாம்நிலை.

சரி, இது எங்கே போய் முடியும்? அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கிளெமன்ட்ஸ் 1916-ல் எழுதிய புத்தகத்தில், ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஓர் 'உச்ச நிலை' உண்டு என்றார். நல்ல மழை பெய்யும் இடத்தில் அது காடுதான். அப்படியானால் மழை கொட்டும் மலையில் புல்வெளி இருந்தால்? யாரோ காட்டை அழித்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

புல்வெளி 'சும்மா கிடக்கும்' நிலமா?

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. ஆங்கிலேயர்கள் 19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை எனப்படும் வாட்டிலையும், உள்ளூரில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் என்று புல்வெளியில் நடவு தொடர்ந்தது.

ஆனால் புல்வெளி பழசு. ரொம்பப் பழசு. ஆர்.சுகுமார் உள்ளிட்ட விஞ்ஞானிகள் நீலகிரி சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. அப்போதே அங்கே புல் இருந்தது. பருவமழைக்கு ஏற்ப காடும் புல்லும் மாறி மாறிப் பரவியிருக்கின்றன.

அப்புறம் ஏன் சோலை மரங்கள் மேட்டில் ஏறவில்லை? முக்கியக் காரணம், உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்று கருகிவிடும். புல்லின் குருத்து மண்ணோடு ஒட்டி இருப்பதால் தப்பித்துவிடும். ஆர்தர் டான்ஸ்லி 1935-ல் 'எக்கோசிஸ்டம்' என்ற சொல்லை முன்வைத்தபோது, உயிர்களோடு மண், நீர், வெப்பம், குளிர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னார். இங்கே பனியும் ஓர் உறுப்பினர். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் இந்தப் புல்வெளியில்தான்.

வெட்டினால் போதுமா?

போதாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கன்றுகள் கூட்டமாக முளைக்கும். அதன் வேர் மண்ணில் நைட்ரஜனையும் ஏற்றியிருப்பதால், கிடைப்பது பழைய மண் அல்ல. காலி மனைக் கதைதான் மறுபடி, ஆனால் இந்த முறை வரிசையில் முதல் ஆளே சீகை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில், பனி படாததால், சோலைக் கன்றுகள் தானாக வளர்வதை நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தோப்பை மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். 'அந்நிய மரம், எல்லாத்தையும் வெட்டு' என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கொஞ்சம் அவசரக் கணக்கு. புல் இன்னும் மிச்சமிருக்கும் விளிம்புகளில், இளம் சீகை இப்போதுதான் நுழையும் இடங்களில் வெட்டுவதுதான் முதல் அவசரம். முதிர்ந்த தோப்புகள் காத்திருக்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம் இது. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்றே தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றிய இடங்களில் நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர்ப் புல்லை நடுகிறார்கள். இடையில் தலைகாட்டும் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த மழைக்குப் பிறகு, திரும்பவும்.