நேர்சரிப் பிள்ளைகளும் ஊசிப்புழுவும்

இனிப்பைக் குறைத்தால் பூச்சி போய்விடும் என்று வீடுகளில் சொல்வார்கள். இனிப்பினால் பல் பழுதடையலாம், பூச்சி உண்டாகாது.

நாம் பொதுவாகப் "பூச்சி" என்று சொல்வது ஓர் இனம் அல்ல. வட்டப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறி, சில வாரங்கள் மண்ணில் கிடந்த பின்னரே தொற்றும் தன்மை பெறும். எனவே அது ஒரு பிள்ளையிடமிருந்து பக்கத்துப் பிள்ளைக்கு நேரே தாவுவதில்லை. கொளுக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. நேர்சரியில் கையோடு கையாகப் பரவுவது ஊசிப்புழுதான்.

பெண் புழு வெள்ளை நூல் துண்டுபோல ஒரு சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பிள்ளை உறங்கியபின் அது வெளியே வந்து, மலவாயிலைச் சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்புத் தாங்காமல் பிள்ளை சொறிய, முட்டைகள் நகத்தடியில் தங்கும். சுமார் 6 மணித்தியாலத்துக்குள் அவை தொற்றத் தயார். காலையில் அதே விரல் வாய்க்குள் போகிறது. நேர்சரியில் களி, வர்ணப் பென்சில், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் தொடுகிறது. குளிர்ந்த, ஈரமான இடத்தில் முட்டை 2, 3 வாரம் உயிரோடிருக்கும்.

முட்டை மலத்தில் அல்ல, தோலில் இருப்பதால் சாதாரண மலப் பரிசோதனையில் பெரும்பாலும் அகப்படாது. காலையில் கழுவுவதற்கு முன் செலோடேப்பை அவ்விடத்தில் ஒற்றியெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால் சிலவேளை புழுவே தெரியும்.

வைத்தியர் தரும் மெபென்டசோல் போன்ற மருந்து புழுவைக் கொல்லும். முட்டையை அழிக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு வாரத்தின் பின் மறுபடியும் கொடுப்பது அதனால்தான். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும் (கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் வைத்தியரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது). அன்று காலை பிள்ளையைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, உள்ளாடையையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் கழுவ வேண்டும். விரிப்பை உதறினால் முட்டைகள் காற்றில் பறக்கும். கைக்குச் சவர்க்காரமும் தண்ணீரும்தான்; சனிட்டைசரை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் திரும்ப வருகிறதே என்று சலித்துக்கொள்ளும் உம்மாமார் பலர், வெட்கத்தினால் நேர்சரி டீச்சரிடம் மட்டும் வாய் திறப்பதில்லை. மிகச் சுத்தமான வீட்டுப் பிள்ளைக்கும் இது வரும். டீச்சருக்குத் தெரிந்தால்தான் மற்றப் பெற்றோருக்கும் சொல்லலாம், சாமான்களையும் கழுவலாம். அதோடு, இரவெல்லாம் தூங்காமல் வந்து வகுப்பில் சிணுங்கும் பிள்ளையை அவர் குழப்படிக்காரப் பிள்ளை என்று ஏசவும் மாட்டார்.