பிந்தித் தொடங்கிய ஓட்டம்



எங்கள் மருத்துவமனையையும் இங்கே சுகம் தேடி வரும் ஏழை மக்களையும் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிறீர்கள். இந்த மடலில், சரீரத்தையும் ஆத்துமாவையும் சேர்த்துத் தொடுகிற ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நடுவயதைத் தாண்டிய ஒருவர் ஓடப் பழகினால் அவருடைய வாழ்க்கையில் என்ன மாறுகிறது என்பதே அது.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் காலையில் ஓடினால், "என்ன ஐயா, ரயிலைப் பிடிக்கவா?" என்றுதான் கேட்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்கள் வார்டுகளைச் சுற்றி வருகிறவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சல்ல.

வயல்காட்டுக்கு வந்த வியாதி

சர்க்கரை வியாதியைப் பட்டணத்து வியாதி என்று முன்பு சொல்வார்கள். நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்து, கட்டுச் சுமந்து, களத்தில் போரடித்த தலைமுறை அது. இன்று நடவுக்கும் இயந்திரம், அறுப்புக்கும் இயந்திரம். பக்கத்துத் தெருக் கடைக்குப் போகவும் இருசக்கர வண்டி. உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. கிராமங்களும் அதற்கு விலக்கல்ல.

வியாதி முற்றினால் காலில் உணர்ச்சி மரத்துப்போகும். வரப்பில் குத்திய முள் வலிக்காது. வலிக்காததால் கவனிக்கமாட்டார்கள். சின்னப் புண் பெரிய புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கவேண்டிய நிலை வரும். கூலி வேலை செய்கிறவருக்குக் கால் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இந்த முடிவைத் தடுக்கத்தான் நாங்கள் "நடங்கள், முடிந்தால் ஓடுங்கள்" என்று மறுபடியும் மறுபடியும் சொல்கிறோம்.

ஓடும்போது சரீரத்தில் நடப்பது

தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே இது நடக்கிறது. ஓடி முடித்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் வாரத்தில் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடுவதைவிட, நாள் தவறாமல் கொஞ்சம் ஓடுவது மேலானது. தொடர்ந்து ஓடுகிறவரின் இருதயம் குறைந்த துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. இரத்த அழுத்தம் தணிகிறது, தூக்கம் ஆழமாகிறது, மனச்சோர்வும் குறைகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை, அல்லது 75 நிமிடம் ஓட்டம் போன்ற கடும் பயிற்சியாவது பெரியவர்களுக்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை.

இரண்டு பேருடைய வாழ்க்கை

சென்னை மாநகராட்சியின் மேயராக 2006 முதல் 2011 வரை இருந்தவர் திரு. மா. சுப்பிரமணியன். 2004இல் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய முழங்கால் கடுமையாக அடிபட்டது. இனி ஓட முடியாது என்றார்கள். சர்க்கரை வியாதியும் இருந்தது. அவரோ ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நடந்து, பின்பு ஓடிப் பழகினார். 2014 முதல் 21 கிலோமீட்டர் தூரமுள்ள அரை மாரத்தான் ஓட்டங்களை நூற்றுக்கும் மேல் ஓடி முடித்திருக்கிறார். 2021இல் மாநில சுகாதாரத் துறை அமைச்சரானார். 2023இல் "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. ஒருவர் தன் காலுக்குச் செய்தது ஊராருக்கும் பாதையாயிற்று.

மற்றவர் பஞ்சாப் விவசாயி பௌஜா சிங். மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தில் இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஓட்டத்தில் ஆறுதல் தேடினார். 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டர் ஓடியபோது அவருக்கு வயது 89. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக அவர் ஓடினார். 2011இல், நூறு வயதில், டொரன்டோ மாரத்தானையும் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் அதைச் சாதனையாகப் பதியவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊரில் நடந்து போகையில் வாகனம் மோதி மரித்தார்.

இவ்விருவரும் நம் சபையைச் சேர்ந்தவர்களல்ல. ஆனாலும் ஒருவர் வியாதியிலும் மற்றவர் துக்கத்திலும் உட்கார்ந்துவிடாமல் எழுந்தார்கள். ஓட்டம் ஆயுளைக் கூட்டும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. "எனக்கு இனி அவ்வளவுதான்" என்றிருந்தவர், "நாளைக் காலையும் எழுந்திருப்பேன்" என்று சொல்லத் தொடங்குவதையே பெரிய மாற்றமாக எண்ணுகிறோம்.

தொடங்குகிறவர்களுக்கு

முதலில் மருத்துவரிடம் இருதயத்தையும் பாதங்களையும் காட்டுங்கள். சில வாரங்கள் தினமும் அரைமணி நேரம் நடங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகம் போதும். கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு ஓடக்கூடாது. புண் இருந்தால் ஆறும்வரை ஓடவே கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் உடனே நின்று உதவி தேடுங்கள். நாகப்பட்டினம் - திருவாரூர் சாலையில் பேருந்துகளுக்கு நடுவே ஓடவேண்டாம். பள்ளி மைதானமோ ஆலய வளாகமோ நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் வழுக்கும். அந்நாட்களில் வராந்தாவில் நடந்தாலும் போதும். பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் கூச்சமும் போகும், பயமும் போகும்.

ஓட்டமும் கிருபையும்

கொரிந்து பட்டணத்துக்கு அருகே கிரேக்கர்களின் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. வென்றவருக்குச் சூட்டியது வாடிப்போகும் இலைக் கிரீடம். அந்தச் சபைக்கு எழுதுகையில் பவுல் அப்போஸ்தலன் ஓட்டக்காரரை உவமையாகக் காட்டினார் (1 கொரிந்தியர் 9). பந்தயத்து நாளில் மட்டுமல்ல, அதற்கு முந்தின நாட்களிலெல்லாம் சரீரத்தை ஒழுங்கில் வைத்தவனையே அவர் நினைக்கிறார். ஜெபவாழ்க்கையும் அப்படித்தான். ஒருநாள் உற்சாகம் நம்மை வெகுதூரம் கொண்டுபோவதில்லை.

ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். கால் இழந்து கட்டிலில் கிடப்பவரையும் தேவன் அதே அன்போடு பார்க்கிறார். ஓட முடிகிறவர் பெருமைகொள்ள இடமில்லை. நன்றி சொல்ல இடமுண்டு. ஓட முடியாதவருக்காக நாம் ஓடலாம். உங்கள் காணிக்கை எங்கள் நோயாளிகளுக்கு அப்படிப்பட்ட ஓட்டமாகவே இருக்கிறது.

ஜெபக் குறிப்புகள்

1. காலில் புண்ணோடு சிகிச்சை பெறும் நோயாளிகளுக்காக.
2. பாதங்களைக் கழுவிக் கட்டுப்போடும் செவிலியரின் பொறுமைக்காக.
3. இந்த மடலை வாசிக்கும் நீங்களும் நாளைக் காலை எழுந்து நடக்கத் தேவையான பெலனுக்காக.

கர்த்தருடைய பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்
கீழ்வேளூர்