உங்களுக்குத் தெரியுமா? ஓர் இடைவெளி போதும், மாறி பிறக்காது!

பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் போர்ன் எழுதி, 1979-இல் யூனிக்ஸ் 7-ஆம் பதிப்போடு வெளிவந்த ஷெல்லின் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) இலக்கணம் இன்றைய பாஷ் ஷெல் வரை தொடர்கிறது. மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் மாறியை உருவாக்க அதில் பெயர், சமக்குறி, மதிப்பு போதும்.

ஆனால் மூன்றும் ஒட்டியே இருக்க வேண்டும்! சமக்குறிக்கு முன் இடைவெளி விட்டால், ஷெல் அந்தப் பெயரைக் கட்டளை என்று எண்ணித் தேடும், கிடைக்காமல் கைவிரிக்கும்.

மதிப்பை அச்சிட, எக்கோ கட்டளைக்குப் பின் $ சேர்த்துப் பெயரை எழுத வேண்டும். இரட்டை மேற்கோளுக்குள் மதிப்பு வரும். ஒற்றை மேற்கோளுக்குள் $ குறியும் பெயருமே அப்படியே வரும். ‘மதுரை மல்லி’ போல இடைவெளியுள்ள மதிப்புக்கு மேற்கோள் கட்டாயம்.

மதிப்பில்லாத மாறியை அச்சிட்டால் பிழைச்செய்தி வராது, வெற்று வரிதான். இந்த மௌனம் ஆபத்தானது. 2015-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்டில் கோப்புறை மாறி ஒன்று வெறுமையாகிவிட, அழிக்கும் கட்டளை பயனரின் சொந்தக் கோப்புகள் மேலேயே பாய்ந்தது. இதைத் தவிர்க்க, $ குறிக்குப் பின் பெயரை நெளி அடைப்புக்குள் இட்டு, அடைப்பை மூடுமுன் :? சேர்த்தால், மாறி வெறுமையாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும்.