மூச்சும் மன அமைதியும்

மனத்தின் நிலையை மூச்சு வெளிப்படுத்திவிடும். சினங்கொண்டான் மூச்சு விரைகின்றது, துயருற்றான் பெருமூச்செறிகின்றான். மனத்தின் வழியே மூச்சு மாறுமாயின், மூச்சின் வழியே மனத்தை மாற்றுதலும் கூடுமன்றோ? யோக நூலார் கண்ட உண்மை இதுவே.

மனத்தின் அலைவுகளை அடக்குதலே யோகமென்று பதஞ்சலி முனிவர் வரையறுத்தார். அதன் எட்டு உறுப்புக்களுள் நான்காவதாகப் பிராணாயாமத்தை வைத்தார். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அதன் அளவையும் வகுத்துரைத்தார். மூச்சை உள்ளிழுத்தல் 16 மாத்திரை, நிறுத்தல் 64, வெளிவிடுதல் 32 என்பது அவ்வளவு. உள்ளிழுத்தலினும் வெளிவிடுதல் இருமடங்காதல் ஈண்டு நோக்கத்தக்கது.

அதன் பயனை உடலியல் நூல் விளக்குகின்றது. இதயத் துடிப்பு நம் ஏவலுக்கு நேரே அடங்காது. மூச்சோ நாம் மறந்திருப்பினும் தானே நிகழும். விரும்பின் நம் வழி நிற்கும். மூளையினின்று இதயத்திற்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு துடிப்பைத் தணிப்பதாகும். 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்பார், இந்நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதனைச் செய்கின்றதெனத் தவளையின் இதயத்தைக் கொண்டு நிறுவினார். மூச்சு உட்செல்லுங்கால் இந்நரம்பின் ஆற்றல் குறைந்து துடிப்பு விரைகின்றது. வெளியேறுங்கால் ஆற்றல் மிகுந்து துடிப்புத் தளர்கின்றது. ஆதலின் வெளிமூச்சை நீட்டி விடுங்கால் அச்சத்தின் படபடப்புத் தணிகின்றது. உடல் தணியவே உள்ளமும் தணிகின்றது.

இஃது அயற்சமயத்தார் வழக்கென்று விலக்குவாரும் நம்முள் உளர். 2001-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் சிலர் 23 பேரைச் செபமாலையை இலத்தீனிலும், யோகியர் ஓதும் மந்திரமொன்றையும் ஓதச் செய்து அளந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறையாகத் தணிந்தது. இதயத்தின் இயக்கமும் சீர்ப்பட்டது. தொழும் முறை வேறாயினும் மாந்தர்க்கு மூச்சு ஒன்றே.

தேர்வு நெருங்குங்கால் உறக்கமிழந்து நடுங்கும் மாணவர் இதனைப் பயின்று பார்ப்பாராக. நிமிர்ந்து அமர்ந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுக; நாடோறும் ஐந்து நிமிடம் போதும். மூச்சை நெடிது அடக்குதல் ஆசானின்றிச் செய்யத்தக்கதன்று.

ஒன்று மறவற்க. வாரக்கணக்காக நீங்காத துயரும், வாழ்வையே வெறுக்கும் எண்ணமும் நோயாம். அவற்றை நாணி மறைத்து, மூச்சுப் பயிற்சியே போதுமென்றிருத்தல் தீது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடும் நாம் மனநோய்க்கும் அவரை நாடுதல் வேண்டும். பயிற்சி மருத்துவத்திற்குத் துணையேயன்றி மாற்றன்று.