சென்னைக்கு வந்து சேராத சங்கு

வேங்கிக்கால் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்கு அடிமண் பந்தயம் தெரியும். மூச்சைப் பிடித்துக் குதித்து, அடிவரை போய், ஒரு கை சேறு அள்ளிக்கொண்டு மேலே வரவேண்டும். ரெண்டாள் ஆழம் தாண்டும்போதே எனக்குக் காதுக்குள் ஊசி இறங்கும். பாதியில் திரும்பிவிடுவேன். அந்த வலிக்குக் காரணம் என்ன என்பதைத்தான், கடலடியில் கிடக்கும் கப்பலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள்.

அப்படிப் பார்க்கத் தகுந்த கப்பல் ஒன்று இலங்கையில், ஹிக்கடுவைக்கு வடக்கே, அக்குரல கரைக்கு எதிரே கிடக்கிறது. பெயர் ‘கான்ச்’. சங்கு என்று பொருள். எண்ணெய் வணிகர் மார்கஸ் சாமுவேலின் தந்தை கிளிஞ்சல் வியாபாரம் செய்தவர். அதனால் மகன் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குச் சங்கு, சிப்பி வகைகளின் பெயர்களையே வைத்தார். ‘ஷெல்’ நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அதுவரை மண்ணெண்ணெய் பெரும்பாலும் தகர டின்களில் அடைபட்டுப் பயணம் செய்தது. சாமுவேலின் கப்பல்களோ வயிற்றையே தொட்டியாக்கிக்கொண்டு 1892 முதல் சூயஸ் கால்வாய் வழியே கிழக்கே வந்தன. அவற்றில் ஒன்றான கான்ச், 1903 ஜூனில் கருங்கடல் துறைமுகமான நோவோரஸீஸ்க்கிலிருந்து மண்ணெண்ணெயோடு சென்னைக்கு வரும் வழியில் பாறையில் மோதி மூழ்கியது. வந்து சேர்ந்திருந்தால் அதில் அரைப்படி எங்கள் ஊர்ச் சிம்னி விளக்கிலும் எரிந்திருக்கலாம்.

இப்போது அது சுமார் 20 மீட்டர் ஆழத்தில் உடைந்து கிடக்கிறது. முதல்நிலைப் பயிற்சி முடித்தவர்களுக்கு 18 மீட்டர் வரை அனுமதி உண்டு. கப்பலின் மேல்பகுதிகளைப் பார்க்க அதுவே போதும்.

இறங்கும்போது என்ன நடக்கிறது? 10 மீட்டர் தண்ணீர், நம் தலைக்கு மேலுள்ள மொத்தக் காற்று மண்டலத்தின் அளவுக்கு அழுத்துகிறது. அந்த ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, உள்ளே அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்குகிறது. செவிப்பறை உள்நோக்கி வளைகிறது, வலிக்கிறது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் நடுக்காதுக்குக் காற்று போய் வலி விலகும். வலி வரும்வரை காத்திருக்காமல், இறங்க இறங்கவே ஊதிக்கொண்டு வரவேண்டும். இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் சேறு அள்ளியிருப்பேன்.

பப்பாளிக் காம்பை வாயில் வைத்து, தலை மூழ்க மூச்சு விட்ட ஞாபகம் பலருக்கு இருக்கும். நீர்மட்டத்தில் மிதந்து வேடிக்கை பார்ப்பவர்கள் வாயில் வைக்கும் ஸ்நார்க்கல் குழாயும் அதே வித்தைதான். காம்பை ஒரு மீட்டருக்கு நீட்டினால் உதவாது. நெஞ்சைத் தண்ணீர் அழுத்தும்போது, மேலேயுள்ள காற்றை இழுக்க நம் தசைகளுக்கு வலுவில்லை. அதனால்தான் முதுகில் சிலிண்டர். அதோடு இணைந்த வாய்க்கருவி, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது.

கிணற்றுப் பழக்கம் ஆபத்தாவது இங்கேதான். கிணற்றில் மூச்சைப் பிடிப்பவர் மேலிருந்து கொண்டுபோன காற்று, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். சிலிண்டர் காற்றை 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். கடலடியில் ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதீர்கள்.

கப்பல் அருகே போனதும் கண் ஏமாறும். முகக்கண்ணாடி வழியே எல்லாம் கால் பங்கு கிட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். சிவப்பு முதலில் மறையும். துருவேறிய கொதிகலன் நீலச்சாம்பலாக நிற்கும். கைவிளக்கை அடித்துப் பாருங்கள்: அதே இடத்தில் செங்காவி, ஆரஞ்சு, மஞ்சள். அத்தனையும் இரும்பின் மேல் ஒட்டி வளர்ந்த உயிர்கள். மணல்வெளியில் பற்றிக்கொள்ள எதுவுமில்லாத பவளத்துக்கும் கடற்பஞ்சுக்கும் இந்தக் கெட்டியான இரும்பு வீட்டுமனை. அவற்றைத் தேடிச் சின்ன மீன்கள் வரும், சின்ன மீன்களைத் தேடிப் பெரியவை வரும்.

அந்தக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். போகிறவர்கள் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் உள்ளறைகளுக்குள் நுழையாதீர்கள், ஓர் ஆணியைக்கூட எடுத்து வராதீர்கள். நூறாண்டுக்கு மேல் நீரில் கிடப்பதை மனிதகுலத்தின் பாரம்பரியமாகக் கருதுகிறது யுனெஸ்கோவின் 2001 ஒப்பந்தம். 2003-லேயே கான்ச் அந்த வயதைத் தொட்டுவிட்டது.